கடைசிக் குடம்

செங்காட்டுப்புதூரில் பங்குனி நோம்பிக்கு, அதாவது மாரியம்மன் திருவிழாவுக்கு, கம்பம் நட்டுவிட்டால் அதை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தாளிக்க மாட்டார்கள். கம்பம் என்பது மூன்று கிளை பிரிந்த ஒரு மரம். பட்டையை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நட்டு வைப்பார்கள். அம்மனுக்கு அதுதான் மாப்பிள்ளை. பொழுது சாய்ந்ததும் மாப்பிள்ளையின் தலையில் நெருப்புச் சட்டி ஏறும், பூவோடு என்று பெயர். கிளை பிரிகிற கவட்டிலிருந்து அடிவரை நனைய ஊர்ப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மன் மனம் குளிர வேண்டும், கோடை குளிர வேண்டும் என்பது கணக்கு. இரண்டு வாரம் கடுகு வெடிக்காத சோற்றைத் தின்றால் மனிதர்களுக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதை மட்டும் யாரும் யோசித்ததில்லை.

தண்ணீர் ஆறுச்சாமி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். கோயிலுக்குப் பின்னால் கறிவேப்பிலைக் காடு, அதற்கு நடுவில் கிணறு, கிணற்றை ஒட்டி மூடி போட்ட சிமெண்ட் தொட்டி. தொட்டியின் அடியில் உள்ள குழாயில் பெண்கள் வரிசையாக நின்று குடத்தை நிரப்புவார்கள். முதல் குடம் தர்மகர்த்தா குமாரசாமி வீட்டுக் குடம். கடைசிக் குடம் கிணற்றுக்காரி குடம், அதாவது ஆறுச்சாமியின் மனைவி ராசாத்தாள் குடம். தண்ணீர் கொடுப்பவள் எல்லோருக்கும் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் தனக்குப் பிடிக்க வேண்டும் என்று என்றைக்கோ யாரோ நல்ல மனசுக்காரர் வைத்த ஏற்பாடு. ராசாத்தாளுக்கு அதில் இருந்த பெருமையை அவள் நடையிலேயே பார்க்கலாம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி, இடுப்பில் வைத்து, ஊரே ஒதுங்கி வழிவிட நடந்து வருவாள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், எல்லாம் வந்திருந்தார்கள். வந்தவர்களும் ஆளுக்கொரு குடம் பிடித்ததில் தொட்டி அடி தெரிகிற அளவுக்கு வற்றிவிட்டது. ராசாத்தாள் குழாயடிக்கு வந்தபோது தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. பொறுமையாக நின்று பிடித்தாள். மஞ்சள் பொடியைப் போட்டாள், வேப்பங்கொத்தைச் செருகினாள், வந்தாள், மூன்று முறை சுற்றினாள், குடத்தைத் தோளுக்கு மேல் தூக்கிக் கம்பத்தின் கவட்டில் படும்படி ஊற்றினாள்.

மேலே பூவோட்டிலிருந்து ஒரு பொறி உதிர்ந்தது.

பொக்கென்று ஒரு சத்தம். கம்பம் கவட்டிலிருந்து அடிவரை ஒரே தீயாக நின்றது. வேப்பிலை படபடவென்று பொரிந்தது. ராசாத்தாளின் முந்தானை நுனி கருகியது, பக்கத்தில் நின்றவள் பிடித்து இழுக்காவிட்டால் புடவையே பிடித்திருக்கும். குடம் உருண்டு போய் தவில்காரர் காலடியில் நின்றது. பத்து எண்ணி முடிப்பதற்குள் தீ தானாக அடங்கிவிட்டது. ஒரு பக்கம் கறுத்துப்போய் மாப்பிள்ளை நின்றார்.

தவில் நின்றுவிட்டது. தண்ணீர் தீப்பிடித்ததை யாரும் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இத்தன பேரு ஊத்தினோம். ஆருக்கும் ஒண்ணும் ஆகுல" என்று ஒரு பெண் மெல்லத் தொடங்கினாள். அவ்வளவுதான், மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

குமாரசாமி கெட்ட மனிதர் இல்லை. ஆறுச்சாமிக்குப் பெரியப்பா மகன், மூத்தவர், ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் போய் நிற்பவர். ஆனால் பயந்துபோன நல்ல மனிதர் கெட்ட மனிதரைவிடச் சீக்கிரமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே நுழையாமல் நின்றே சொன்னார்.

"ஆறுச்சாமி, நாஞ் சொல்றேன்னு நெனைக்காத. ஊர்ல பேசறத சொல்றேன். கம்பம் எடுக்கற வரைக்கும் ராசாத்தா கோயில் பக்கம் வர வேண்டாம். தண்ணிய பஞ்சாயத்துக் கொழாய்ல புடிச்சுக்கறோம்."

"அண்ணா, என்ற கெணத்துத் தண்ணி என்னங்க பண்ணுச்சு?"

"தண்ணிய ஆரும் சொல்லுல. அதே தண்ணியத்தான என்ற ஊட்டுலயும் ஊத்துனாங்க? குடம் எடுத்த கையில ஏதோ கொறை. சுத்தபத்தமா இருந்தாளா இல்லியான்னு அவளுக்குத்தான் தெரியும்."

உள்ளே அடுப்படியில் ராசாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளைத் தின்றது.

அவள் மருமகள் லோகப்பிரியா வேதியியல் படித்தவள். பீளமேட்டில் எரிபொருள் பரிசோதிக்கிற கூடம் ஒன்றில் வேலை. காலையில் இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். அவள் புருஷன், ராசாத்தாளின் மகன் சுரேந்தருக்குப் பம்புசெட்டுக் கம்பெனியில் ஷிப்டு. கம்பம் நட்ட அன்றைக்குத் தாளிக்காத புளிச்சோற்றை டப்பாவில் கட்டிக் கொடுத்தபோது மருமகளின் முகம் போன போக்கைப் பார்த்து ராசாத்தாள்தான் சொன்னாள்: "அங்க கேண்டீன்ல சாம்பாரு கீம்பாரு போட்டாத் தின்னுக்க கண்ணு. பட்டினி கெடக்காத. ஊருக்குச் சொல்லாட்டிப் போச்சு." அந்தப் பெண்ணும் நிம்மதியாகத் தின்றாள். இப்போது ராசாத்தாளுக்கு அந்தச் சாம்பாரில் வெடித்த கடுகெல்லாம் காதுக்குள் வெடித்தது. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். ராசாத்தாளே கதவைச் சாத்திக்கொண்டு கடுகு தாளித்தாள் என்று ஒருத்தி சொல்ல, வாசம் வந்தது என்று இன்னொருத்தி சாட்சியே சொன்னாள்.

"ஏனுங்க, பரிகாரம் ஏதாச்சு கேளுங்க. எல்லாம் என்றனாலதான்" என்று புருஷனிடம் சொன்னாள். எதனால் என்று சொல்லவில்லை. மருமகள் பெயரை அவள் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

ஆறுச்சாமிக்குக் கோபம் வந்தால் வேலை செய்வார். வேறு வழியில் அதைக் காட்டத் தெரியாது. "கெணத்தவே எறச்சுத் தள்ளிப்போடறேன். அடி மண்ணு தெரிய எறச்சு, சேறு வாரிப்போட்டு, புதுத் தண்ணி ஊறட்டும். அப்பறம் ஆரு என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சனிக்கிழமை, லோகப்பிரியாவுக்கு விடுமுறை. முந்தின நாள் அவள் வீடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுத கண்ணோடு மாமியார் படுத்திருந்தாள், யாரும் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. இப்போதுதான் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தண்ணி புடிக்கறப்ப ஏதாச்சு வாசம் வந்துச்சுங்களா அத்தை?"

"மஞ்ச வாசம், வேப்பல வாசம், சாம்பிராணிப் பொகை வேற."

"அது இல்லாம?"

ராசாத்தாள் யோசித்தாள். "பெட்ரோலு வாசம் அடிச்சாப்ல இருந்துச்சு. காத்தால சுரேந்தரு வண்டியத் தள்ளி நிறுத்தினேன், அது கையில ஒட்டியிருக்குதுன்னு நெனச்சேன்."

லோகப்பிரியா எழுந்துவிட்டாள். "மாமா எங்கீங்க?"

"கெணத்துக்குப் போனாரு. எறைக்கறதுக்கு முன்னால சூடம் பத்தவெக்கோணும்னு தீப்பெட்டி எடுத்துட்டுப் போனாரு."

செருப்புக்கூடப் போடாமல் அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தைக் காட்டில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கிணற்றில் எந்த வேலை தொடங்கினாலும் மேட்டில் சூடம் காட்டிக் கும்பிட்டு, எரிகிற சூடத்தை உள்ளே போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஆறுச்சாமி வில்லையை வைத்துவிட்டார், குச்சியை எடுத்துவிட்டார்.

"மாமா! கிழிக்காதீங்க! மாமா!"

கத்திக்கொண்டே வந்து குச்சியைப் பிடுங்கினாள். மாமனார் கையிலிருந்து எதையும் வெடுக்கென்று வாங்கியறியாதவள். அவர் திகைத்துப் போனார்.

"என்ன அம்மணி?"

"கெணத்துக்குள்ள பெட்ரோல் ஆவி நிக்குதுங்க. காத்தவிட அது கனம், மேல வராது, தொட்டில தண்ணி நிக்கற மாதிரி குழிக்குள்ளயே நிக்கும். சூடத்தப் போட்டிருந்தா நேத்து கம்பத்துல புடிச்சது நம்ம மேல புடிச்சிருக்கும். மோட்டாரும் போட வேண்டாமுங்க. சுச்சுல ஒரு பொறி போதும். இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க மொதல்ல."

ஆறுச்சாமி தீப்பெட்டியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பத்தடி தள்ளி வந்த பிறகு தீப்பெட்டியை மருமகள் கையில் கொடுத்தார். "நீ வாரது ஒரு நிமிசம் தாமசமாயிருந்தா..." என்றார்.

லோகப்பிரியா தொட்டி மூடியை நகர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டாள். பிறகு அடியில் மிச்சம் கிடந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினாள். கீழே தண்ணீர், மேலே இளமஞ்சளாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வரப்புப் போட்டது மாதிரி ஒரு கோடு. குலுக்கினாள், கலங்கியது. வைத்ததும் பழையபடி பிரிந்து கோடு நின்றது.

"நம்ம டிராக்டர் டீசலா இருக்குமோ?" என்றார் ஆறுச்சாமி. அவருக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. கிணற்று மேட்டில்தான் வண்டிக்கு ஆயில் மாற்றுவார்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு சொட்டு வைத்தாள். ஒன்று டிராக்டர் டீசல், ஒன்று பாட்டிலின் மேல்பக்கத்தில் உறிஞ்சியது. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சொட்டு இருந்த இடம் தெரியாமல் காய்ந்தது. டீசல் சொட்டு எண்ணெய் வட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"இது டீசல் இல்லீங்க. பெட்ரோல்."

"ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான கண்ணு? இது மட்டும் எப்படி ஓடிப்போச்சு?" ராசாத்தாள் நேற்றிலிருந்து முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரே கச்சா எண்ணெய்ல இருந்து பிரிச்சதுதானுங்க அத்தை. உள்ளுக்குள்ள கார்பன்னு ஒண்ணு கையக் கோத்துட்டு வரிசையா நிக்கும். ஆல்கேன்னு அந்தக் குடும்பத்துக்குப் பேரு. அஞ்சாறு, ஏழெட்டுப் பேரு கோத்து நின்னா பெட்ரோலு. பதினஞ்சு பேருக்குப் பக்கமாக் கோத்தா டீசலு. இன்னும் நீளமாப் போனா மெழுகு, தாரு. சின்ன வரிசை சட்டுனு ஆவியாப் பறந்துரும். பெருசு நகராது."

ராசாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "நம்மூட்டுல நாலு பேரு கல்யாணத்துக்குக் கெளம்பறதும், குமாரசாமி மாமா ஊட்டுல பதினாறு பேரு கெளம்பறதும் மாதிரி."

"அதேதானுங்க!"

"அவங்க கெளம்பறதுக்குள்ள அங்க பந்தியே முடிஞ்சிரும்" என்று அறையிலிருந்து சுரேந்தர் குரல் கொடுத்தான். இரவு ஷிப்டு முடித்துப் படுத்திருந்தவன். ராசாத்தாள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுதுவிட்டாள். "அப்ப, நீ கேண்டீன்ல தின்ன சாம்பாருனால இல்லியா கண்ணு?"

லோகப்பிரியாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு இந்த மனுஷி தன் பெயரை வெளியே விடாமல் வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "சாம்பாருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நானே ஊருக்கு முன்னால காட்டறேன்" என்றாள்.

மதியம் அரிசிம்பருப்பு சாதத்தைத் தாளிக்காமலே தின்றார்கள். சாப்பிட்ட கையோடு ஆறுச்சாமி மருமகளைக் கறிவேப்பிலைக் காட்டின் கடைக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடைசி வரிசைச் செடி மட்டும் இலை கருகிக் குச்சியாக நின்றது.

"ஒரு மாசமா இப்படி. பூச்சின்னு நெனச்சு ரெண்டு தடவ மருந்தடிச்சுப்போட்டேன். இந்த ஒத்த வரிசைய மட்டும் எந்தப் பூச்சி திங்கும்னு ரோசனையே பண்ணுல."

"கடைசியாத் தண்ணி பாயறது இதுக்குத்தானுங்களா?"

"ஆமா. கெணத்துல தண்ணி எறங்கி, மோட்டாரு காத்தை இழுக்கற வரைக்கும் உட்டு இதுக்குப் பாய்ச்சுவேன்."

லோகப்பிரியா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தண்ணீர் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கும். குழாய் வாய்க்குக் கடைசியாக வந்து சேருவது அதுதான். மோட்டார் அடிவரை இழுத்த நாளில் கொஞ்சம் தொட்டிக்கும் ஏறியிருக்கும். கிணற்றில் கடைசி வரிசை, தொட்டியில் கடைசிக் குடம். மற்ற நாட்களில் தொட்டி முழுசாக வற்றவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை வற்றியது. ராசாத்தாள் செய்த ஒரே காரியம் எல்லோரும் பிடிக்கும்வரை காத்திருந்தது.

"மாமா, கெடச்சுப்போச்சுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் வேலியோரம் மேய்ந்த ஆடு திரும்பிப் பார்த்தது.

பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. காட்டுக்கு மேல்புறம், மேட்டுப்பாளையம் ரோட்டில், கோபாலசாமியின் பெட்ரோல் பங்க். நோம்பிக்கு அன்னதானம் அவருடையது. கம்பம் எடுக்கிற அன்றைக்கு ஊரே அவர் இலையில்தான் சாப்பிடும். மாமனாரும் மருமகளும் திங்கட்கிழமை இரவு, பாட்டிலைச் சோதித்த பரிசோதனைக் கூடத்துத் தாளோடு போய் அவர் முன்னால் நின்றார்கள். தாளில் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிய கோடுகள். உயரமெல்லாம் முன்பக்கத்திலேயே இருந்தது, பெட்ரோலின் சின்ன வரிசைகள் இருக்கும் பக்கத்தில்.

"அம்மணி, என்ற டேங்கு பூமிக்குள்ள பத்தரமா இருக்குது. கெணத்துல ஆரு வண்டிப் பெட்ரோல ஊத்தினாங்களோ" என்றார் கோபாலசாமி. குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "பெட்ரோலுன்னா கொஞ்சம் கொறையத்தான் செய்யும். வெய்யக் காலம், ஆவியாயிரும்."

"கொறையுதுங்களா?" என்றாள் லோகப்பிரியா.

அவர் நிறுத்திவிட்டார். பக்கத்தில் அளவு கோலைத் துடைத்துக்கொண்டிருந்த மைதீன் பிச்சை தலையைத் தூக்கினார். தினமும் காலையில் டேங்குக்குள் கோலை விட்டு அளவு பார்ப்பவர். "கொறையுதும்மா. வித்ததுக்கு மேல கொறையுது. ஒரு மாசமா மொதலாளி என் மொகத்தையே பாக்க மாட்டேங்கிறாரு" என்றார்.

"மூடின டேங்குக்குள்ள இருந்து அத்தன ஆவி எங்கீங்க போகும்?" லோகப்பிரியா மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்க எங்க மேல கேசு போடுங்க, சண்டைக்கு வாங்க, பரவால்லீங்க. ஆனா அந்த ஆவி மண்ணுக்கடியில எங்கெங்க நிக்குதுன்னு தெரியாது. நெருப்புச் சட்டி வெச்ச கோயிலுக்கும் உங்க பங்குக்கும் நடுவுலதான் எங்க கெணறு இருக்குது. குழாயச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அதத்தான் கேக்கறேன்."

அவர்கள் வெளியே வரும்போது கோபாலசாமி மைதீன் பிச்சையின் கையிலிருந்த கோலை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார். அது ஆறுச்சாமியின் கண்ணில் பட்டது.

கம்பம் எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஊர் கூடியிருந்த கோயில் வாசலுக்கு லோகப்பிரியா ஒரு பெரிய கண்ணாடி ஜாடியோடு வந்தாள். பீளமேட்டு ஜூஸ் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்தது, அடியில் குழாய் வைத்தது. கூடவே டம்ளர்கள், ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், ஒரு செம்பு தேங்காயெண்ணெய். பின்னால் டம்ளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுரேந்தர் வந்தான். ராசாத்தாள் கோயில் எல்லைக்கு வெளியே, புளிய மரத்தடியில் நின்றாள்.

"இதென்ன அம்மணி, வேடிக்கை வித்தை?" என்றார் குமாரசாமி.

"வித்தைதானுங்க பெரிய மாமா. பெட்ரோலக் கோயிலுக்குள்ள கொண்டார மாட்டேன், அதுக்குப் பதிலா எண்ணெய். ரெண்டும் தண்ணியோட சேராது, மேல மெதக்கும். அன்னைக்குக் கொடம் புடிச்சவங்க எல்லாம் அதே வரிசையில நில்லுங்க. எங்கத்தை எடத்துல மட்டும், கடைசியா, நீங்க நில்லுங்க."

"நானா?"

"உங்களவிடச் சுத்தபத்தமானவங்க இந்த ஊர்ல ஆருங்க?"

அவரால் மறுக்க முடியவில்லை. ஜாடியில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். மேலே எண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் தட்டையாகப் பரவி நின்றது. குழாயைத் திறந்தாள். முதலில் குமாரசாமியின் மனைவி டம்ளரை நீட்டினாள். தண்ணீர். அடுத்தவள், தண்ணீர். ஒவ்வொருத்தியும் வாயில் வைத்துப் பார்த்து, "தண்ணிதான்" என்று சொல்லச் சொல்ல வரிசை நகர்ந்தது. ஜாடியில் மட்டம் இறங்க, எண்ணெயும் ஒழுங்காக இறங்கி வந்தது. கூட்டம் மெல்ல நெருங்கியது. பின்னால் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள். தவில்காரர் தவிலை வைத்துவிட்டு முன்னால் வந்துவிட்டார்.

குமாரசாமி டம்ளரை நீட்டினார். கொழகொழவென்று எண்ணெய் விழுந்தது.

அவர் டம்ளருக்குள் பார்த்தார், விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

புளிய மரத்தடியிலிருந்து ராசாத்தாளின் குரல் வந்தது, வெகு மரியாதையாக:

"ஏனுங்க மாமா, நீங்க என்னத்தத் தாளிச்சீங்க?"

அந்தச் சிரிப்பு காரமடை வரைக்கும் கேட்டிருக்கும். பெண்கள் டம்ளரோடு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். குமாரசாமியின் மனைவிக்குச் சிரித்துப் புரையேறி, பக்கத்திலிருந்தவள் தலையில் தட்டினாள். குமாரசாமியின் தோளும் குலுங்கியது. கடைசியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததனால் வந்த கண்ணீர் மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

"கடைசியா நின்னதுதான் தப்புன்னா, நானும் பாவிதான்" என்றார். "ராசாத்தா, இங்க வா சாமி. நாம் பேசினது தப்பு. ஊரு பேசுச்சுன்னு சொன்னேன், பேசினது நாந்தான்."

அதற்குள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கோபாலசாமி முன்னால் வந்தார். கூடவே மைதீன் பிச்சை.

"அந்தப் பெட்ரோலு என்றதுதானுங்க" என்றார் கோபாலசாமி, கும்பிட்டபடி. "இன்னைக்கு மத்தியானம் கம்பெனி ஆளுங்க வந்து குழாய்க்குள்ள காத்தடச்சுப் பாத்தாங்க. காத்து நிக்குல. பூமிக்குள்ள துருப்புடிச்சு ஓட்டை. பங்க மூடிப்போட்டேன். கெணத்தச் சுத்தம் பண்ற வரைக்கும் எல்லாம் என்ற பொறுப்பு." பிறகு திரும்பி, ஊர் பார்க்க, மைதீன் பிச்சையின் கையைப் பிடித்தார். "இவர ஒரு மாசமாத் திருடனாட்டப் பாத்துப்போட்டேன்."

"போகட்டும் மொதலாளி" என்றார் மைதீன் பிச்சை. முகம் மட்டும் அப்படியே மலர்ந்துவிட்டது.

மறுநாள் கம்பம் எடுக்கும் முன் கடைசித் தண்ணீர். கோபாலசாமி லாரியில் வரவழைத்த பவானி ஆற்றுத் தண்ணீரைக் கோயிலடியில் பெண்கள் வரிசையாகப் பிடித்தார்கள். எல்லோரும் ஊற்றி முடித்தார்கள். வழி ஒதுங்கியது. ராசாத்தாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்து வந்தாள். முந்தானையில் கருகிய நுனியை வேண்டுமென்றே வெளியே தெரிய விட்டிருந்தாள்.

கம்பத்தின் முன் நின்று குடத்தை இறக்கி, அதன் வாயில் மூக்கை வைத்து நன்றாக ஒரு முறை முகர்ந்தாள். மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள். மூன்று சுற்று. குடம் தோளுக்கு மேலே போனது. தண்ணீர் கவட்டில் விழுந்து சரிந்தது. மேலே பூவோட்டிலிருந்து ஒரு பொறி, அதே மாதிரி, உதிர்ந்தது. ஊரே மூச்சைப் பிடித்தது.

சொய்ங் என்று அணைந்தது.

தவில் அடித்த அடி இருக்கிறதே, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குலவைச் சத்தத்தில் அம்மனே எழுந்து வந்திருப்பாள். அன்னதானத்தை அந்த வருஷம் முதல் இலையில் மைதீன் பிச்சையை உட்கார வைத்துத் தொடங்கினார்கள். சாம்பாரில் கடுகு வெடித்திருந்தது. ராசாத்தாள் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கி, மருமகள் இலையிலும் தானே ஊற்றினாள், ஊர் பார்க்க.

கிணறு சுத்தமாக ஒரு மழைக்காலத்துக்கு மேல் பிடித்தது. லோகப்பிரியா மாதாமாதம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து, தாளில் அந்த மலைக்கோடு தரையோடு படுத்த பிறகுதான் கம்பத்துக்கு அந்தத் தண்ணீரை விட்டாள். கறிவேப்பிலைக் கடைசி வரிசை மறுபடியும் துளிர்த்துவிட்டது. இப்போது செங்காட்டுப்புதூரில் குமாரசாமி வீட்டு முதல் குடத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணும் கம்பத்தின் முன் நின்று, குடத்து வாயை ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள். போன வருஷம் வெளியூர் ஒறம்பரை ஒருத்தர் அது என்ன முறை என்று குமாரசாமியைக் கேட்டார். "ராசாத்தா வெச்ச மொறைங்க" என்றார் அவர்.